சுழிப்பும் பிணிப்பும்: மீக்கடத்தியியற் கலைச்சொற்கள் சில பற்றிய ஆய்வு

பிறமொழியில் வளர்ந்த அறிவுத்துறையொன்றனைத் தமிழிற் கொணர முயல்வார்க்கு முதற்கண் எதிர்ப்படுவது சொல்லிடர் என்பர். ஆராயுங்கால் அது பொருளிடரேயாம். பொருளைத் தெளிந்தவர்க்குச் சொல் தானே வந்து பொருந்தும். தெளியாதவர் ஆக்கிய சொல் எத்துணைத் தூயதாயினும் கற்பாரை மயக்கவே செய்யும். இதனை மீக்கடத்தியியலில் வேண்டப்படும் சில சொற்களைக்கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

இவ்வாராய்ச்சி தமிழ்த்துறைக்குப் புறம்பானது எனக் கருதவேண்டா. 2010இல் தொடங்கப்பெற்ற புதுச்சேரித் தேசியத் தொழில்நுட்பக் கழகம் இன்று காரைக்கால் மாவட்டத்துத் திருவேட்டக்குடியில் இயங்குகின்றது. அரசலாற்றங்கரைப் பள்ளியொன்றில் தமிழ்வழிப் பயின்ற மாணவர் அத்தகைய கழகத்துள் புகுங்கால், தாம் கற்ற தமிழ்ச்சொல் பொருளை உணர்த்தாதாயின் அதனைக் கைவிடுவர். சொல்லாக்கியோர் குறை அப்பொழுது மொழியின் குறையாக எண்ணப்படும். இப்பழியை நீக்குதல் தமிழாய்வார் கடன்.

'மீக்கடத்தி' என்னும் சொல்லை முதலில் நோக்குவோம். 1908இல் ஹீலியத்தை நீர்மமாக்கிய காமர்லிங் ஓன்னெஸ், 1911இல் ஹாலந்து நாட்டு லெய்டன் நகரில், ஏறத்தாழ 4.2 கெல்வின் வெப்பநிலையில் பாதரசத்தின் மின்தடை அற்றுப்போதலைக் கண்டார். இந்நிலையைக் குறிக்கப் பிரெஞ்சு மொழியார் 'சுப்ரா' என்னும் முன்னொட்டைக் கொண்டனர். 1954 வரை அம்மொழி ஆட்சிமொழியாய் விளங்கிய காரைக்காலில் அது முற்றிலும் புதிய ஒலியன்று. மேல் என்னும் பொருளது அவ்வொட்டு. நம் 'மீ' என்பதும் மேல் என்னும் பொருட்டே. ஆதலின் மீக்கடத்தி என்பது செப்பமான ஆக்கம் என்பதில் ஐயமில்லை.

இடர் இனித்தான் தொடங்குகின்றது. 1933இல் மைஸ்னர், ஓக்சன்ஃபெல்டு ஆகிய இருவரும் மீக்கடத்தி தன்னகத்தினின்று காந்தப்புலத்தை வெளியேற்றுதலைக் கண்டறிந்தனர். ஆயின் எல்லா மீக்கடத்திகளும் புலத்தை முற்றிலும் விலக்குவன அல்ல. இரண்டாம் வகையைச் சார்ந்தவை, புலம் ஓரளவைக் கடந்தபின், அதனை மெல்லிய இழைகளாக உள்ளே புகவிடுகின்றன. ஒவ்வோர் இழையின் நடுவிலும் மீக்கடத்துந் தன்மை அழிந்த கரு ஒன்றுண்டு. அதனைச் சுற்றி மின்னோட்டம் வட்டமிடும். 1957இல் அப்ரிகோசவ் என்னும் உருசிய அறிஞர் இவ்விழைகள் ஒழுங்குற அணிவகுக்கும் எனக் கோட்பாட்டு வழியாகக் கூறினார். 1967இல் எஸ்மன், டிராய்ப்ளே என்பார் நுண்ணிய காந்தத் துகள்களைத் தூவி, அவை முக்கோண வரிசையில் நிற்றலைக் கண்கூடாகக் காட்டினர்.

இவ்விழையை 'சுழி' எனல் தகுமா? ஆற்றுச்சுழிக்கும் நடுவுண்டு, சுற்றுமுண்டு. ஆதலின் உவமை பொருந்துவதே. எனினும் தமிழ்ப் பாடநூல்களில் சுழி என்பது பூச்சியத்தையும் குறிக்கும். 'மின்தடை சுழியாகும்' என்னும் தொடரும், 'சுழி நகரின் மின்தடை தோன்றும்' என்னும் தொடரும் ஒரே பக்கத்தில் நின்றால் கற்பார் படும் இடர் சொல்லி முடியாது. 'சுழல்' எனின், நடுவில்லாத பொதுச் சுழற்சியையும் அது குறிக்கும். ஆகவே தொழிற்பெயர் வடிவினதாகிய 'சுழிப்பு' என்பதே ஏற்புடைத்து. அது நீர்ச்சுழியின் உவமையைக் காத்து, எண்ணின் மயக்கத்தை விலக்குகின்றது.

ஒவ்வொரு சுழிப்பும் சுமக்கும் காந்தப்பாயம் ஒரே அளவினது: 2.07×10⁻¹⁵ வெபர். அஃது ஏன் ஒரே அளவினதாதல் வேண்டும்? கருவை ஒருமுறை சுற்றிவரும் மீக்கடத்தல் அலையின் கட்டம், புறப்பட்ட இடத்தில் புறப்பட்டவாறே வந்து பொருந்தல் வேண்டும். இடையில் முழுச்சுற்றுகள் அன்றிப் பின்னச்சுற்றுகள் அமையா. தமிழ் மாணவர்க்கு இதனை அந்தாதியால் விளக்கலாம். காரைக்காலம்மையாரின் அற்புதத் திருவந்தாதி, இறுதி வெண்பாவின் ஈற்றுச்சொல் முதல் வெண்பாவின் முதற்சொல்லாய் மண்டலித்து முடிவது. இடையே ஒரு தொடர்ச்சி அறுமாயினும் மண்டலம் கூடாது. இது விளக்கத்திற்குரிய உவமையே. இதனைக்கொண்டு அம்மையார் காலத்தே மீக்கடத்தியியல் இருந்தது எனக் கூறப்புகுவார் உளராயின், அவர் அம்மையாரையும் அறிந்திலர்; அறிவியலையும் அறிந்திலர் என்க.

இனிப் 'பிணிப்பு' என்னும் சொல்லுக்கு வருவோம். 1 டெஸ்லா புலத்தில், ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பினுள் ஏறத்தாழ 48 கோடி சுழிப்புகள் நிற்கும். மின்னோட்டம் செலுத்தப்படுங்கால் அவற்றின்மீது ஒரு பக்கவிசை செயற்படுகின்றது. அவை நகர்ந்தால் ஆற்றல் வெப்பமாய் வீணாகும். மின்தடை மீண்டும் தலைகாட்டும். ஆதலின் அவற்றை நகரவொட்டாது நிறுத்துதல் இன்றியமையாதது. ஆங்கில வழக்கில் இதற்குரிய சொல் குண்டூசியால் குத்தி நிறுத்துதலைக் குறிப்பது. அதனை 'ஊசிகுத்தல்' எனவோ 'ஆணியறைதல்' எனவோ பெயர்ப்பின் பொருள் திரிபுறும். ஈண்டு யாரும் சுழிப்பைத் துளைப்பதில்லை. 'நங்கூரமிடல்' என்பது கடற்கரையார்க்கு இனிய சொல்லே. ஆயினும் நங்கூரம் கலத்தின் உடைமை, கலத்தோடு செல்வது. சுழிப்பை நிறுத்தும் இடமோ பொருளின்கண் நிலைத்திருப்பது.

நிகழ்வது யாதெனில், சுழிப்பின் கரு எவ்விடத்து அமையினும் அவ்விடத்து மீக்கடத்துந் தன்மை அழிதல் வேண்டும். அவ்வழிவிற்கு ஆற்றற் செலவு உண்டு. முன்னரே அத்தன்மை அழிந்துகிடக்கும் இடத்தில் கரு அமையுமாயின் அச்செலவு மிஞ்சும். தரிசு நிலத்தில் களம் அமைக்கும் உழவன் விளைநிலத்தை இழப்பதில்லை அன்றோ! அவ்விடத்தை விட்டு நீங்கச் சுழிப்பு மீண்டும் அச்செலவை ஏற்கவேண்டும். ஆதலின் அது நீங்காது நிற்கின்றது. இது குத்துதலன்று, கட்டுண்டு நிற்றல். எனவே நிகழ்ச்சியைப் 'பிணிப்பு' எனவும், இடத்தைப் 'பிணிப்பிடம்' எனவும் வழங்குதல் முறை.

இச்சொல்லுக்குப் பிறிதொரு சான்றும் உண்டு. நியோபியம் டைசெலினைடு போன்ற சில படிகங்களில் புலம் மேல் எல்லையை நெருங்குங்கால் பிணிப்பு குறையாது திடீரெனப் பெருகி உச்சமுறுகின்றது. சுழிப்பணி இளகுதலால் ஒவ்வொரு சுழிப்பும் தனக்கேற்ற இடத்தை எளிதில் அடைகின்றது என 1969இல் பிப்பர்டு விளக்கினார். மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் இப்படிகத்தை விரிவாக ஆராய்ந்துள்ளனர். ஆகவே பிணிப்பின் வலிமை இடத்தை மட்டும் பொறுத்ததன்று; பிணிக்கப்படும் அணியின் நெகிழ்ச்சியையும் பொறுத்தது. ஆணியறைதல் என்னும் சொல் இவ்விருபாற் பொருளைத் தாங்காது, பிணிப்பு தாங்கும்.

'குறை', 'மாசு' என்னும் சொற்களையும் ஈண்டு எண்ணுதல் வேண்டும். தூய்மை சிறந்தது, மாசு இழிந்தது என்பது நம் சொல்வழக்கிற் பதிந்த கருத்து. மீக்கடத்திக் கம்பியிலோ நிலை மாறுகின்றது. மருத்துவமனைகளின் காந்த ஒத்ததிர்வுப் படக்கருவியில் பயன்படுவது நியோபியம்-டைட்டேனியக் கம்பி. அதனைச் சூடாக்கியும் இழுத்தும் டைட்டேனியம் மிகுந்த நுண்படிவுகளை வேண்டுமென்றே விளைவிக்கின்றனர். அவையே பிணிப்பிடங்களாய் அமைந்து பெருமின்னோட்டத்தைத் தாங்க உதவுகின்றன. குறையற்ற படிகம் பெருமின்னோட்டத்திற்கு உதவாது. ஆதலின் நூலாசிரியர் இழிவுப்பொருள் தோன்றாத 'ஒழுங்குமாற்றம்' போன்ற சொல்லை ஆளுதல் நன்று.

பிணிப்பைக் கடந்து சுழிப்பு நகர்தலிலும் இருநிலை உண்டு. விசை மிக்கவிடத்து அணி முழுதும் விரைந்து செல்வது ஒன்று; விசை சிறிதாயினும் வெப்பத்தின் துணையால் சிறிதுசிறிதாகப் பெயர்வது மற்றொன்று. பின்னதை 1962இல் ஆண்டர்சன் விளக்கினார். முன்னதை 'ஓட்டம்' எனவும் பின்னதை 'ஊர்வு' எனவும் கூறின், ஓடுதல், ஊர்தல் என்னும் நம் வினைகளின் வேறுபாடே பொருள் வேறுபாட்டை உணர்த்திவிடும். 'பாயம் பாய்தல்' என்னும் தொடரோ கூறியது கூறலாய் நின்று ஒன்றையும் விளக்காது.

இதுகாறும் கூறியவற்றால், மூலச்சொல்லின் உருவைப் பெயர்த்தல் வேறு, நிகழ்ச்சியின் இயல்பைச் சொல்லில் அமைத்தல் வேறு என்பது பெறப்படும். முன்னது விரைவில் முடியும். பின்னதற்கு இயற்பியலாரும் தமிழாசிரியரும் ஒருங்கிருந்து ஆராய்தல் வேண்டும். சுழிப்பு, பிணிப்பு, பிணிப்பிடம், ஓட்டம், ஊர்வு என்னும் ஐந்தும் அத்தகைய ஆராய்ச்சிக்கு உரியனவாக முன்வைக்கப்படுகின்றன. இவற்றினும் சிறந்தன உளவேல் அறிஞர் காட்டுக. கொள்ளுதல் நம் கடன்.