ஹௌலண்டு குடிவழி: செவிவழிச் செய்தியும் சான்றும்

1620ஆம் ஆண்டு மேபிளவர் என்னும் கப்பலிற் சென்று வட அமெரிக்காவின் பிளிமத்தில் குடியேறியோருள் ஜான் ஹௌலண்டு ஒருவர். இவர்தம் மனைவி எலிசபெத்து, அக்குடியேற்றத்தின் முதல் ஆளுநராகிய ஜான் கார்வரின் மரபினர் என்னும் செய்தி வழிவந்தோரிடையே நெடுங்காலம் வழங்கியது, நூல்களிலும் இடம்பெற்றது. அச்செய்தி வீழ்ந்தவாறு குடிவழி ஆராய்வார்க்குப் பெரிதும் பயன்தருமாதலின் அதனை ஈண்டு ஆராய்வோம்.

கார்வருக்குப் பின் ஆளுநராய் அமர்ந்த வில்லியம் பிராட்போர்டும் அக்கப்பலில் வந்தவரே. அவர் தம் கைப்பட எழுதிய வரலாறு பாஸ்டன் நகரினின்றும் மறைந்து, 1855இல் இலண்டன் பேராயரின் புல்காம் மனை நூலகத்தில் இருப்பது தெரியவந்தது. மறு ஆண்டு அச்சேறியது. 1650ஐ ஒட்டி அவர் வரைந்த பயணியர் பட்டியல், ஹௌலண்டைக் கார்வரின் பணியாளர் என்றும், எலிசபெத்தை உடன் வந்த ஜான் டில்லியின் மகள் என்றும் தெளிவுறக் கூறுகின்றது.

இவ்விரண்டனுள் எதனைக் கொள்வது? பிராட்போர்டு அவ்விருவரோடும் ஓரூரில் வாழ்ந்தவர். அவர்கள் உயிரோடிருக்குங்காலத்திலேயே எழுதியவர். பெட்போர்டுசயரின் ஹென்லோ ஊர்க் கோயிற்பதிவும், ஜான் டில்லியின் மகள் எலிசபெத்து 1607இல் திருமுழுக்குப் பெற்றதைக் காட்டி அவர் கூற்றை அரண் செய்கின்றது. எனவே கார்வர் மரபு என்பது பொருந்தாது.

ஆயின் அச்செய்தி வேண்டுமென்றே புனைந்த பொய் எனத் தள்ளுதலும் முறையன்று. ஹௌலண்டு கார்வரின் மனையில் வாழ்ந்தவர். எலிசபெத்தின் பெற்றோர் முதற் குளிர்காலத்தே மாண்டனர். கார்வரும் அவர் மனைவியும் 1621இல் இறந்தனர். ஒரு மனையில் வாழ்ந்த தொடர்பே, காலஞ்செல்லச் செல்லக் குருதித் தொடர்பாகத் திரிந்தது போலும். ஆளுநரின் வழியினர் எனப்படுவதில் பின்னோர்க்கு இருந்த விருப்பும் அதற்குத் துணைநின்றிருத்தல் கூடும்.

அவ்விருப்பிற்குத் தேவையே இல்லை என்பேம். நடுக்கடலில் வீழ்ந்து, பாய்க்கயிற்றைப் பற்றி உயிர்தப்பிய அப்பணியாளர், பின்னாளில் ஆளுநரின் துணைவருள் ஒருவராய் உயர்ந்தார். இரவற் பெருமையினும் இவ்வுண்மை சிறந்ததன்றோ? புலவர் வரலாறுகளில் வழங்கும் செவிவழிச் செய்திகளை ஆராயுங்காலும், அவற்றைச் சான்றெனக் கொள்ளாது, தோன்றிய காரணத்தைத் தேடுதலே நெறியென யாம் கருதுகின்றோம்.