துயரத்தின் மேல் ஒரு பாலம்

சிறுவர்க்கு மரணத்தைக் காட்டலாகாது. வேடிக்கையும் மாயமும் காட்டினாற் போதும் என்பது திரைப்பட வர்த்தகர் வகுத்த விதி. 2007இல் வெளிவந்த 'பிரிட்ஜ் ரு டெரபிதியா' என்ற அமெரிக்கப் படம் இவ்விதியை மீறுகின்றது. ஓரளவு அதற்குப் பணிந்தும் போகின்றது.

கதரின் பற்றர்சன் 1977இல் எழுதிய நாவலே இதன் மூலம். தம் மகனின் தோழி மின்னல் தாக்கி இறந்த துயரிலிருந்து பிறந்தது அந்நாவல். அம்மகன் டேவிட் பற்றர்சனே திரைக்கதையை எழுதியோருள் ஒருவர். நெறியாள்கை காபோர் சூப்போ.

சிறுவன் ஜெஸ், நான்கு பெண்களிடையே ஒரே ஆண்பிள்ளை. ஓட்டப்பந்தயத்துக்குப் புதுச் சப்பாத்து வாங்க வீட்டில் வசதியில்லை. தமக்கையின் சப்பாத்திலுள்ள இளஞ்சிவப்புக் கோடுகளை மையால் மறைத்து அணிகிறான். அயல்வீட்டு லெஸ்லி எழுத்தாளரின் ஒரே மகள். அவள் வீட்டில் தொலைக்காட்சி இல்லை. பணமில்லாமையால் அன்று, வேண்டாமென்பதால். இல்லாமைக்கும் வேண்டாமைக்கும் உள்ள தூரம் இது. அத்தூரத்தைக் கடந்தே இருவரும் ஓடைக்கு அப்பால், காட்டில், தமக்கென ஓர் அரசை அமைக்கின்றனர்.

ஒருநாள் இசையாசிரியை ஜெஸ்ஸை நூதனசாலைக்கு அழைத்துச் செல்கிறார். தோழியையும் அழைக்கலாமென அவன் கேட்கவில்லை. தனியே சென்ற லெஸ்லி, பெருகியோடும் ஓடையில் கயிறறுந்து மாள்கிறாள். அன்று கேளாமல் விட்ட அச்சொல்லே அவனை வாட்டுகின்றது.

மாணவர் பரிகசிக்கும் கண்டிப்பான ஆசிரியை அவனைத் தனியே அழைத்துப் பேசும் காட்சியே படத்தின் சிகரம். 'மறந்துவிடு' என்று அவர் சொல்லவில்லை. கணவரை இழந்த தம் துயரைக் கூறி, அவன் துயரை மதிக்கிறார். ஆசிரியர் ஒவ்வொருவரும் காணவேண்டிய காட்சி இது.

குறைகளும் உள. கற்பனை அரசின் உயிர்களைக் கணினி வரைந்து காட்டிவிடுவதால், பார்ப்போர் கற்பனைக்கு இடம் குறுகுகின்றது. விளம்பரங்களோ இதை மாயக்கதையென்றே விற்றன. அதனினும் பெருங்குறை, வறுமையைக் காட்டிய படம் அதன் காரணத்தை நாடாமை. தந்தையின் அரவணைப்போடு அக்கேள்வி மறைந்துபோகின்றது. ஆனால் வீட்டுக் கடன் அரவணைப்பால் தீராது.

எனினும் முடிவு போற்றத்தக்கது. கயிறறுந்த இடத்திலேயே ஜெஸ் பலகைகளால் பாலம் கட்டுகிறான். முன்பு விரட்டிய தங்கையை அதன்மேல் கைபிடித்து அழைத்துச் செல்கிறான். அழுது ஓய்வதோடு நில்லாமல், பின்வருவோர் வீழாதிருக்க வழி சமைக்கிறது அவன் துயரம். சிறுவர் படமொன்று இதனைச் சொல்லியிருப்பது சிறு செயலன்று.