அழுத்தும் கையும் அளக்கும் கையும்

ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலருக்குத் தொடுகை மற்றவர்களுக்குப் படுவதுபோல் படுவதில்லை. சட்டைக் காலரில் தைத்த சிறு துணிப்பட்டை உறுத்தி நாள் முழுக்க அழுகிற குழந்தை, கனமான மெத்தையைத் தன்மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு அதனடியில் நிம்மதியாகக் கிடக்கும். முடி வெட்டும்போது கழுத்தில் கத்தரி உரசினால் அலறுகிறவன், அப்பா இறுகக் கட்டிப்பிடித்தால் அடங்குவான். புலனுணர்வு மிகுந்தோ குறைந்தோ இருப்பதை, 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேடு ஆட்டிசத்தின் அறிகுறிகளில் ஒன்றாகச் சேர்த்தது. மசாஜும் பிற தொடு சிகிச்சைகளும் காலூன்றும் இடம் இதுதான்.

இறுக்கமான அழுத்தம் ஆறுதல் தரும் என்பதற்குப் பலரும் காட்டும் சான்று டெம்பிள் கிராண்டின். ஆட்டிசம் உள்ள இந்த அமெரிக்கக் கால்நடை அறிவியலாளர், பதின்பருவத்தில் அரிசோனாவில் இருந்த உறவினரின் பண்ணையில், ஊசி போடுவதற்காக மாடுகளை இரு பக்கமும் நெருக்கி நிறுத்தும் சட்டத்தைப் பார்த்தார். உள்ளே போன மாடுகளில் சில அமைதியாவதைக் கண்டு தானும் நுழைந்து பார்த்தார். பிறகு தனக்கென்றே ஓர் அழுத்தப் பெட்டி செய்துகொண்டார். எவ்வளவு அழுத்தம், எத்தனை நேரம் என்பதை உள்ளே இருந்த அவரே விசையை இயக்கி முடிவு செய்தார். அழுத்தத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலர் அந்த விசையை மறந்துவிடுகிறார்கள்.

ஆய்வுகளில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது மியாமி பல்கலைக்கழகத்தில் டிஃபனி ஃபீல்டு 1992இல் தொடங்கிய தொடுகை ஆராய்ச்சி நிலையத்தின் பணி. அங்கிருந்து 2001இல் வந்த ஆய்வில் 3 முதல் 6 வயது வரையிலான 20 குழந்தைகள். ஒரு பாதிக்குப் பெற்றோர் இரவு படுக்கும் முன் 15 நிமிடம் உடம்பைப் பிடித்துவிட்டார்கள். மறு பாதிக்கு அதே 15 நிமிடம் கதை படித்துக் காட்டினார்கள். ஒரு மாதம் கழித்து, மசாஜ் பெற்ற குழந்தைகளிடம் ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது குறைந்திருந்தது, தூக்கமும் தேறியிருந்தது. கதையை எதிர்ப்பக்கம் வைத்தது நல்ல யோசனை. மாற்றத்துக்குக் காரணம் பெற்றோரின் அருகாமையா, கையின் அழுத்தமா என்று பிரித்துப் பார்க்க அது ஓரளவு உதவுகிறது. ஆனால் 20 பேர், ஒரு மாதம் என்ற அளவை வைத்துப் பெரிய முடிவு எதுவும் கட்ட முடியாது.

அடுத்து வந்தது அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் லூயிசா சில்வா உருவாக்கிய சீகோங் மசாஜ். பெற்றோருக்குப் பயிற்சி தந்து, தினமும் 15 நிமிடம் வீட்டிலேயே மாதக்கணக்கில் செய்ய வைக்கும் முறை. 2015இல் வெளியான ஆய்வில் 103 குழந்தைகள், எண்ணிக்கை கௌரவமானது. ஆட்டிசத்தின் தீவிரமே குறைந்ததாக முடிவு சொல்லப்பட்டது. சிக்கல் ஒப்பீட்டில் இருக்கிறது. எதிர்ப்பிரிவுக் குழந்தைகள் வெறுமனே காத்திருப்புப் பட்டியலில் இருந்தார்கள். முக்கிய அளவுகோல்கள் பலவும் பெற்றோர் நிரப்பும் கேள்வித்தாள்கள். மாதக்கணக்கில் நம்பிக்கையோடு பிடித்துவிட்ட அதே கை மதிப்பெண்ணும் போட்டால், மதிப்பெண் கூடாமல் இருந்தால்தான் ஆச்சரியம். உடலில் ஓடும் 'சீ' ஆற்றலின் அடைப்பை நீக்குவதாகச் சொல்லும் விளக்கமோ சோதித்துப் பார்க்கவே வழியில்லாதது.

லீ, கிம், எர்ன்ஸ்ட் ஆகிய ஆய்வாளர்கள் 2011இல் அதுவரையிலான ஆட்டிச மசாஜ் ஆய்வுகளைத் திரட்டியபோது தேறியவை 6. எல்லாவற்றிலும் சார்பு நுழையும் வாய்ப்பு அதிகம் என்பதே அவர்கள் கணிப்பு. மசாஜ் கார்ட்டிசால் என்னும் மன அழுத்த ஹார்மோனைக் குறைக்கிறது என்ற புகழ்பெற்ற விளக்கமும் அதே ஆண்டில் அடிவாங்கியது: கிறிஸ்டோஃபர் மோயர் குழுவின் கணக்கில் அந்த விளைவு மிகச் சிறியதாகவும், பல இடங்களில் பூஜ்யத்திலிருந்து பிரித்தறிய முடியாததாகவும் இருந்தது.

தொடுவதால் கெடுதல் இல்லை என்பதும் எப்போதும் உண்மையல்ல. 1980களில் மனநல மருத்துவர் மார்த்தா வெல்ச் பரப்பிய 'பிடித்தணைப்பு' முறையில், திமிறும் குழந்தை ஓய்ந்து அடங்கும்வரை தாய் விடாமல் இறுக்கிப் பிடிக்க வேண்டும். 1973இல் நோபல் பெற்ற விலங்கு நடத்தை ஆய்வாளர் நிக்கோ டின்பெர்கன்கூட அதை ஆதரித்தார். தாய்க்கும் குழந்தைக்குமான பிணைப்பு முறிந்ததே ஆட்டிசம் என்ற பிழையான கொள்கை அதன் அடியில் இருந்தது. கிராண்டின் கையில் இருந்த விசை இங்கே முழுவதுமாகப் பிடுங்கப்பட்டது.

பேச்சு வராத குழந்தைக்கு உடம்பை விலக்கிக்கொள்வதுதான் 'வேண்டாம்' என்ற சொல். கையைத் தட்டிவிடுவது, தோளைக் குறுக்குவது, காதைப் பொத்துவது ஆகியவற்றைப் 'பழகினால் சரியாகிவிடும்' என்று தள்ளிவிட்டு மசாஜைத் தொடர்ந்தால், பெரியவர் தொட்டால் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றே குழந்தை கற்கும். மாற்றுத்திறன் குழந்தைகள் பாலியல் சீண்டலுக்கு எளிதில் இலக்காகிறவர்கள் என்பதால் இது சின்ன விஷயமில்லை. மூடிய அறையில் முன்பின் தெரியாதவர் செய்யும் மசாஜைவிட வீட்டார் செய்வது இந்த வகையிலும் மேல். பாட்டி காலை நீட்டிக் குழந்தையைக் கிடத்தி எண்ணெய் தேய்க்கும் பழக்கமுள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு இதற்கென்று விலை கொடுத்துப் பெரிய பயிற்சி வாங்கவும் தேவையில்லை.

தூக்கத்துக்கும், படுக்கும் முன் அமைதிக்கும், அம்மா அப்பாவோடு நெருக்கத்துக்கும் குழந்தை விரும்பினால் மசாஜ் செய்யலாம். ஆட்டிசத்தைக் குணப்படுத்தும் என்று சொல்லிக் கட்டணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். பேச்சுப் பயிற்சிக்கும் செயல்வழிப் பயிற்சிக்கும் ஒதுக்கிய நேரத்தையும் பணத்தையும் இதற்குத் திருப்புவது குழந்தைக்கு நட்டம்.