கடைசிப் பெட்டியை முதலில் வாங்குங்கள்

நம் ஊர் மின்சாரம் வினாடிக்கு 50 தடவை துடிக்கிறது. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியில் மூன்றாம் ஃப்ரெட்டை அழுத்தி மீட்டினால் வரும் ஜி சுரத்துக்கு வினாடிக்கு 49 துடிப்பு. மேடையில் எர்த் சரியில்லாதபோது எழும் இரைச்சலும் பேஸ்காரர் வாசிக்க வேண்டிய சுரமும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. இரைச்சலின் இரட்டிப்பு 100. திறந்த ஜி கம்பி 98. மிக்ஸரில் ஈக்வலைசரைத் திருகி இரைச்சலை வெட்டினால் பாட்டின் அடித்தளமும் கூடவே போய்விடும். அமெரிக்காவில் மின்சாரம் 60. அங்கே இந்த இரைச்சல் இரண்டு சுரங்களுக்கு நடுவில் விழுகிறது. பெடல்போர்டு கட்டுவது பற்றி நம் பையன்கள் பார்க்கும் காணொளிகளில் பெரும்பாலானவை அங்கிருந்து வருபவை.

பட்டிமன்றத்தையே பாதிப் பாட்டுக் கச்சேரியாக்கிய ஐ. லியோனியின் ஊரான திண்டுக்கல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். மாசியில் கோட்டை மாரியம்மன் திருவிழா, தேவாலயத் திருநாள்கள், முகூர்த்த மாதங்களில் மண்டபங்கள் என்று மேடைக்குப் பஞ்சமில்லை. சின்ன ஆர்கெஸ்ட்ராக்களில் பேஸ் என்பது கீபோர்டுகாரரின் இடது கை பார்க்கும் வேலை. தனியாக பேஸ் கிட்டார் வைத்திருக்கும் குழுவிலோ, தேவாலயப் பாடகர் குழுவிலோ வாசிப்பவருக்குச் சீக்கிரமே ஓர் ஆசை வருகிறது: காலடியில் பெடல்போர்டு என்ற பலகை, அதில் வரிசையாக ஒலியை மாற்றும் ஐந்தாறு பெடல் பெட்டிகள். எல்லாம் சேர்ந்தால் கிட்டாரின் விலையைத் தாண்டிவிடும். அதனால்தான் இதைக் கொஞ்சம் நிறுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வழக்கமாகச் சொல்லப்படும் வரிசை: முதலில் டியூனர், பிறகு ஆக்டேவர், என்வலப் ஃபில்டர், கம்ப்ரஸர், ஓவர்டிரைவ், கோரஸ், கடைசியில் ப்ரீஆம்ப் அல்லது டிஐ பெட்டி. இதில் மூடநம்பிக்கை கொஞ்சம், காரணம் நிறைய. ஆக்டேவர் வந்த சுரத்தை அடையாளம் கண்டு ஒரு ஸ்தாயி கீழே புதிதாக ஒன்றை உண்டாக்குகிறது. கலப்படமில்லாத ஒற்றைச் சுரம் கிடைத்தால்தான் அதற்குக் கணக்குத் தப்பாது. என்வலப் ஃபில்டர் விரல் எவ்வளவு அழுத்தி மீட்டியது என்பதை வைத்து வாய் திறக்கிறது. கம்ப்ரஸர் அந்த ஏற்ற இறக்கத்தை முன்பே சமன் செய்துவிட்டால் அது திறப்பதற்கு ஒன்றும் இல்லை. இதைப் புரிந்துகொண்டு ஒரு பலகையைத் தன் கையால் கட்டியவர் தன் ஒலி எங்கே கெடுகிறது என்று கண்டுபிடிக்கவும் கற்றுக்கொள்கிறார். மேடையில் சத்தம் நின்றுபோனால் பெட்டி பெட்டியாகக் கழற்றிப் பார்த்து, பழுதான ஒயரை இரண்டு நிமிடத்தில் பிடித்துவிடுவார். என் கணக்கில் இந்த வழக்கத்தின் பெரிய லாபம் இதுதான். அணைத்திருக்கும்போது சிக்னலைத் தொடாமல் விடும் ‘ட்ரூ பைபாஸ்’ பெட்டிதான் வேண்டும் என்ற பிடிவாதம் மட்டும் வீண். அணைத்த பெட்டியோ நீள ஒயரோ மழுங்கடிப்பது உச்ச அதிர்வெண்களை. லீட் கிட்டார் அளவுக்கு பேஸுக்கு அது வலிக்காது.

இந்த வரிசையின் உண்மையான கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. வாசிப்பவருக்குப் பின்னால் அவருடைய சொந்த ஆம்ப் நிற்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதப்பட்ட வரிசை இது. நம் மேடைகளில் பேஸ் ஆம்ப் அபூர்வம். கிட்டார் ஒலி ஒரே ஒயரில் மிக்ஸருக்குப் போகிறது. அங்கிருந்து சவுண்ட் சர்வீஸ்காரரின் ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு. ஆக, சங்கிலியின் கடைசியில் இருக்கும் டிஐதான் முழுப் பாரத்தையும் சுமக்கிறது. கிட்டாரின் நலிந்த சிக்னலை, முப்பது மீட்டர் ஒயரில் இரைச்சல் ஏறாமல் போகும்படி சமநிலைப்படுத்தி அனுப்புவது அதன் வேலை. ஆனால் அதைத்தான் எல்லோரும் கடைசியில், மிச்சப் பணத்தில் வாங்குகிறார்கள். டெட்ராய்ட்டில் மோடவுன் நிறுவனத்தின் இசைத்தட்டுகளுக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் ஒரு பெடல்கூட இல்லாமல் நேராகப் பதிவு மேசைக்குள் ஒயரைச் செருகியவர். பெடல் எதுவும் தேவையில்லை என்று வாதிட இதைச் சொல்லவில்லை. மேசைக்குப் போகும் வழி சுத்தமாக இருந்தால் விரல் மட்டுமே போதும் என்பதற்கு அது சாட்சி.

நம் மேடைப் பாட்டுகளும் பெட்டிகளுக்கு அவ்வளவாக இடம் கொடுப்பதில்லை. திண்டுக்கல்லுக்குத் தென்மேற்கே, கம்பம் பள்ளத்தாக்கின் பண்ணைப்புரத்திலிருந்து வந்த இளையராஜா பேஸுக்கென்று தனி மெட்டே எழுதியவர். அவருக்காகப் பல்லாண்டு வாசித்த சசிதரனின் விரல்களில் அது பாட்டுக்குள் இன்னொரு பாட்டாக நடக்கும். ‘மூடுபனி’ (1980) படத்தின் ‘என் இனிய பொன் நிலாவே’ பாட்டைக் கேட்டால் தெரியும். இப்படிப்பட்ட வரிகளில் கோரஸைப் போட்டால் சுரங்களின் விளிம்பு கரைந்துவிடும். கம்ப்ரஸர் மட்டும், அளவோடு வைத்தால், மெல்லிய கம்பிக்கும் தடித்த கம்பிக்கும் உள்ள சத்த வித்தியாசத்தைக் குறைத்து உதவும். அதிகமாக இறுக்கினால் சசிதரனின் நடையைப் பின்பற்ற முயலும் விரலின் உயிரே போய்விடும்.

ஓவர்டிரைவ் விஷயத்தில் பொதுக் கருத்துக்கு நேர் எதிராகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பீட்டில்ஸ் 1965-இல் ‘ரப்பர் சோல்’ தட்டில் பேஸை ஓவர்டிரைவின் முரட்டு வகையான ஃபஸ் பெட்டிக்குள் விட்டதிலிருந்து இது ராக் இசைக்காரர்களின் பொம்மை என்றே பெயர். மெல்லிசை மேடையில் அதற்கு என்ன வேலை என்று கேட்பார்கள். வேலை இருக்கிறது. தெருக்கோடியில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கியிலோ, மறுநாள் கைபேசியில் பார்க்கும் காணொளியிலோ 41 துடிப்புள்ள தாழ் ஈ சுரம் வரவே வராது. அவை ஆழ்ந்த ஒலிகளை எழுப்ப இயலாதவை. ஆனால் அந்தச் சுரத்தின் மேல் மடங்குகள் காதில் விழுந்தால் போதும், அடிச்சுரத்தை மூளை தானே ஊகித்துக்கொள்ளும். லேசான ஓவர்டிரைவ் அந்த மேல் மடங்குகளைத்தான் கூட்டுகிறது. மேடைக்கு முன்னால் உட்கார்ந்தவருக்கு மாற்றம் தெரியாது. தெருக்கோடியில் நிற்பவருக்கு அப்போதுதான் பேஸ் என்று ஒன்று இருப்பதே தெரியும். சுத்த ஒலியையும் கலக்கும் ‘பிளெண்ட்’ குமிழ் இருக்கிற பெட்டியாகப் பார்த்து வாங்க வேண்டும். இல்லையென்றால் அடிச்சத்தம் மெலிந்துபோகும்.

மின்சாரத்துக்கு வருவோம். ஒரே அடாப்டரிலிருந்து கிளை கிளையாகப் பிரியும் ஒயரில் எல்லாப் பெட்டிகளையும் கோப்பது மலிவு. அனலாக் பெட்டிகள் மட்டும் என்றால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். டிஜிட்டல் பெட்டி ஒன்று அந்தக் கிளையில் சேர்ந்தால் அதன் கீச்சொலி மற்றவற்றிலும் ஏறும். ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனி வெளிவாய் உள்ள சப்ளைக்குச் செலவழிப்பது இங்கே ஆடம்பரம் ஆகாது. அதைவிட முக்கியமான ஒன்று: ஜெனரேட்டருக்கு மாறியதும் இரைச்சல் வந்தால் பிளக்கின் மூன்றாவது பின்னைப் பிடுங்கிவிடும் வழக்கம் மேடைகளில் உண்டு. இரைச்சல் நிற்கும். மைக்கில் உதடு படும் பாடகருக்கும் கம்பியில் விரல் வைத்திருப்பவருக்கும் ஷாக் அடிக்கலாம், உயிரும் போகலாம். டிஐ பெட்டியில் ‘கிரவுண்ட் லிஃப்ட்’ என்று ஒரு சுவிட்ச் இதற்காகவே இருக்கிறது. அது ஒலி ஒயரின் எர்த்தை மட்டும் துண்டிக்கிறது. பிளக்கின் எர்த் பத்திரமாக இருக்கும். பலகைக்கும் மிக்ஸருக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் எடுத்தால் பாதித் தொல்லை அங்கேயே தீரும்.

இதையெல்லாம் கேட்டால், பத்துப் பெட்டிகளின் வேலையையும் ஒன்றே செய்யும் மல்டி எஃபெக்ட்ஸ் போதாதா என்று தோன்றும். பலருக்குப் போதும். வெளியூரில் கச்சேரி முடித்து நள்ளிரவு வேனில் ஏறுபவருக்குப் பையில் அடங்கும் ஒரே பெட்டி பெரிய வரம். குறை என்னவென்றால், மேடையில் திடீரென்று சத்தத்தைத் திருத்த வேண்டியபோது மெனுவுக்குள் மெனுவாகத் தேடிக்கொண்டிருக்க வேண்டும்; தனிப் பெட்டியில் குனிந்து ஒரு குமிழைத் திருகினால் முடிந்தது.

தனிப் பெட்டிகளில் மெல்லிசைக்காரருக்கு நான் தயங்காமல் சிபாரிசு செய்வது ஆக்டேவரை. ‘ரோஜா’வுக்குப் (1992) பிந்தைய பாட்டுகள் பலவற்றில் பேஸ் கீபோர்டில் உருவானது, நாலு கம்பிக் கிட்டாரில் அந்தக் கனம் வராது. ஜப்பானின் பாஸ் நிறுவனம் 1982-இல் கொண்டுவந்த ஓசி-2 போன்ற பெட்டியின் வழவழப்பு அதற்கு மிக அருகில் நிற்கிறது. ஆனால் திறந்த ஏ கம்பிக்குக் கீழே போனால் அது தடுமாறும். தாழ் ஈ சுரத்துக்கு அது உண்டாக்க வேண்டியது சுமார் 20 துடிப்பு, காது கேட்கும் எல்லையின் ஓரம். எந்த மண்டபத்து ஸ்பீக்கரிலும் அது வராது. எனவே அந்தப் பாட்டுகளில் பெடலை அழுத்திவிட்டு, அதே வரியை ஒரு ஸ்தாயி மேலே வாசிக்க வேண்டும்.