அறுந்த இழையைக் காட்டும் புத்தகம்

‘முப்பது நாளில் தெலுங்கு’ ரகப் புத்தகங்களை பஸ் ஸ்டாண்ட் கடைகளில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். கேள்வி கேட்க நன்றாகவே சொல்லித் தரும். ‘ஸ்டேஷனுக்கு எப்படிப் போகணும்?’ என்று அட்சரசுத்தமாகக் கேட்டுவிடலாம். எதிராளி தெலுங்கிலேயே கடகடவென்று பதில் சொல்வார் பாருங்கள், அங்கேதான் புத்தகம் நம்மைக் கைவிடும்.

புரோகிராமிங் கற்றுத் தரும் புத்தகங்களில் முக்கால்வாசி இந்த ரகம்தான். கம்ப்யூட்டரிடம் எப்படிப் பேசுவது என்று முந்நூறு பக்கம் சொல்லும். அது திருப்பித் திட்டினால் என்ன செய்வது என்பதற்கு மூன்று பக்கம்கூட இருக்காது.

இப்போது எதற்கு இந்தப் பேச்சு? சோமனூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். வீட்டில் நாலு விசைத்தறி, கூலிக்கு நெசவு. மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு கம்ப்யூட்டர் சயின்ஸ் சேரப் போகிறாள். ‘காலேஜ் தொறக்கறதுக்குள்ள ஏதாச்சும் படிக்கட்டும்னு பாக்கறனுங்க. கடைக்குப் போனா ஒரே மாதிரி இருபது புஸ்தகம் அடுக்கி வெச்சிருக்காங்க. எதை வாங்கறதுங்க?’

நியாயமான கேள்வி. கூலியில் மிச்சம் பிடித்த காசு. தப்பான புத்தகத்தில் போனால் நானூறு ஐந்நூறு ரூபாய் மட்டும் போகாது. ‘எனக்கு இது வராது போலிருக்கு’ என்று அந்தப் பெண் முடிவு கட்டிவிடுவாள். அந்த நஷ்டத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

நான் பி.காம். கணக்குப்பதிவியல் புத்தகங்களில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ‘பிழைத் திருத்தம்’ என்று தனிப் பாடமே வைத்திருப்பார்கள். விடு பிழை, ஈடுசெய் பிழை என்று தப்புகளுக்கெல்லாம் பெயர் சூட்டியிருப்பார்கள். இருப்பாய்வு டேலி ஆனாலும் உள்ளே தப்பு ஒளிந்திருக்கலாம் என்று பதினாறு வயதுப் பிள்ளைக்கே சொல்லிவிடுவார்கள். மனுஷன் தப்பு செய்வான் என்று தெரிந்தவர்கள் வகுத்த பாடம் அது. புரோகிராமிங் புத்தகத்திலோ அச்சாகிற எல்லா புரோகிராமும் சமர்த்தாக ஓடுகிறது. நாம் டைப் அடித்தால்தான் ஓட மாட்டேன் என்கிறது!

சோமனூர்க்காரர்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம். தறி ஓட்டப் பழகுகிறவனுக்கு முதலில் என்ன கற்றுத் தருகிறார்கள்? அறுந்த இழையைக் கண்டுபிடித்து முடிச்சுப் போட. ஊடை அறுந்தால் தறி தானாக நின்றுவிடும். பாவு இழை அறுந்தால் சாதாரண விசைத்தறி நிற்காது. அது பாட்டுக்கு ஓடும், துணியில் கோடு விழுந்துகொண்டே போகும். பார்த்து நிறுத்த ஆள் வேண்டும்.

கம்ப்யூட்டரிலும் அச்சு அசலாக இதே இரண்டு தப்புதான். ஒரு அடைப்புக்குறியை மூடாமல் விட்டால் நின்றுவிடும். அது ஊடை அறுந்த மாதிரி. இன்னொன்றைப் பாருங்கள். ஒரு தறியில் 120 மீட்டர், இன்னொன்றில் 80. கூலி மீட்டருக்கு 5 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 200 மீட்டர், 1000 ரூபாய். இதையே 120 + 80 * 5 என்று அடைப்புக்குறி இல்லாமல் எழுதிப் பாருங்கள். கம்ப்யூட்டர் பெருக்கலை முதலில் முடித்துவிட்டு 520 என்று சொல்லும். நிற்காது, திட்டாது. 480 ரூபாய் மாயமாகிவிடும். இது பாவு அறுந்த கேஸ்.

இந்த இரண்டாவது ரகத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லித் தருகிறதா? ஆரம்பநிலைப் புத்தகத்துக்கு என் உரைகல் இது ஒன்றுதான்.

இந்தக் கல்லில் பிரபலங்களை உரசிப் பார்ப்போம்.

கெர்னிகனும் ரிட்சியும் 1978-ல் எழுதிய சி புத்தகம் ஒரு வேதம். ‘ஹலோ வேர்ல்டு’ புரோகிராமைப் பிரபலமாக்கியதே அதுதான். ஆனால் இது புதிதாகக் கற்பவருக்கான பாலபாடம் அல்ல, அடிப்படை கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும் என்று முன்னுரையிலேயே எழுதிவிட்டார்கள். நம் ஊரில் முன்னுரையை யார் படிக்கிறார்கள்? ‘பெஸ்ட் புக்’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு வாங்கி, நாற்பதாவது பக்கத்தில் மூடி வைத்தவர்கள் அநேகம். புத்தகத்தின் மேல் குற்றமில்லை.

யஷ்வந்த் கனேட்கரின் ‘லெட் அஸ் சி’ இந்தியக் கல்லூரி ஹாஸ்டல்களின் தேசிய நூல். பேச்சு மாதிரியான ஆங்கிலம், நிறையப் பயிற்சிகள். இதன் அவுட்புட் என்ன, இதில் என்ன தப்பு என்று பாட முடிவில் கேள்விகள் உண்டு. நல்ல விஷயம். ஆனால் அது பேப்பரில் கண்டுபிடிக்கிற தப்பு. பரீட்சைக்கும் இன்டர்வியூவுக்கும் உதவும். ராத்திரி பத்து மணிக்கு ஸ்க்ரீனில் வருகிற தப்பை எந்த மூலையிலிருந்து தேட ஆரம்பிப்பது? அது வேறு வித்தை.

அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த பாலகுருசாமியின் சி ப்ளஸ் ப்ளஸ் புத்தகத்தில் பாடங்களின் முடிவில் பிழை கண்டுபிடிக்கும் பயிற்சி என்று தனியாகவே உண்டு. அதற்கு ஒரு சபாஷ். வழக்கம்போல் காலேஜில் சிலபஸ் முடிக்கிற அவசரத்தில் தாண்டிப் போகிற பகுதியும் அதுவாகத்தான் இருக்கும்.

2019-ல் வந்த நம்ம பிளஸ் டூ கணினி அறிவியல் புத்தகத்துக்கு வருவோம். பைத்தானைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தது தைரியமான காரியம். தமிழிலும் உண்டு, பி.டி.எஃப். இலவசம். ஆனால் செயற்கூறு, தரவு அருவமாக்கம், வரையெல்லை என்று நாலு பாடம் தத்துவம் தாண்டி, ஐந்தாவதில்தான் பைத்தான் வருகிறது. முதல் பாடத்தில் ‘லெட் ரெக்’ என்று ஆரம்பிக்கிற உதாரணங்களைப் பைத்தானில் டைப் அடித்தால் ஓடாது. அது வேறு மொழியின் சாயல். தறியைத் தொட விடாமல் நாலு மாதம் நெசவின் தத்துவம் நடத்தினால் பையன் என்ன ஆவான்? மனப்பாடம் செய்வான். மார்க்கும் வாங்குவான். தறி?

தமிழ்ப் புத்தகங்களுக்கு இன்னொரு கடமையும் இருக்கிறது. நாம் ‘மாறி’, ‘மடக்கு’ என்று எவ்வளவு அழகாகச் சொல்லிக் கொடுத்தாலும் கம்ப்யூட்டர் திட்டுவது இங்கிலீஷில்தான். ‘நேம் எரர்… நாட் டிஃபைன்டு’ என்று சிவப்பில் வந்தால் தமிழ் மீடியம் பிள்ளைக்குப் பாதி உயிர் போய்விடும். ‘நீ அறிமுகப்படுத்தாத ஒரு பெயரைப் பயன்படுத்தியிருக்கிறாய், ஸ்பெல்லிங்கைச் சரிபார்’, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். இப்படி ஒரு இருபது வசவுகளுக்குப் பொழிப்புரை போட்டால், அந்தப் புத்தகத்தை நான் தலையில் வைத்துக் கொண்டாடுவேன். தமிழில் ஆட்கள் இல்லாமல் இல்லை. கணியம் குழுவினர் ‘எளிய தமிழில்’ என்று வரிசையாகப் புத்தகம் எழுதி இலவசமாகவே தருகிறார்கள். முத்தையா அண்ணாமலை ‘எழில்’ என்று ஒரு மொழியையே உருவாக்கினார். அதில் ‘பதிப்பி’ என்று தமிழிலேயே கட்டளை கொடுக்கலாம். பொழிப்புரை அவர்களுக்குச் சிரமமே இல்லை.

என் கல்லில் பளிச்சென்று தேறுவது ஆலன் டவுனியின் ‘திங்க் பைத்தான்’. கிட்டத்தட்ட எல்லாப் பாடத்திலும் ‘டீபக்கிங்’ என்று ஒரு பகுதி. கற்பவன் எங்கே வழுக்குவான் என்று யோசித்து எழுதியிருக்கிறார். இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். ஒரே குறை, இங்கிலீஷ். ஆனால் எளிய இங்கிலீஷ்.

‘அதான் ஏஐ வந்துடுச்சே, கேட்டா அதுவே எழுதித் தருதே’ என்கிறீர்களா? தரட்டும். அது எழுதித் தருவதில் பாவு அறுந்திருந்தால் யார் பார்ப்பது? தறி வேகமாக ஓட ஓட, கண் இன்னும் கூர்மையாக இருக்க வேண்டும்.

ஆகவே, கடைக்குப் போனால் அட்டையை நம்பாதீர்கள். 24 மணி நேரம், 21 நாள் என்று இங்கிலீஷ் புத்தகங்கள் வரிசையாக வந்தபோது, பீட்டர் நார்விக் என்ற கம்ப்யூட்டர் நிபுணர் ‘பத்து வருடத்தில் நீங்களே கற்றுக்கொள்ளலாம்’ என்று தலைப்பு வைத்துக் கிண்டலாக ஒரு கட்டுரை எழுதினார். கிண்டல்தான், ஆனால் உண்மை.

நடுவில் ஏதாவது ஒரு பாடத்தைப் பிரியுங்கள். ஓடாத புரோகிராம் ஒன்றாவது இருக்கிறதா பாருங்கள். ஸ்க்ரீனில் வரும் வசவை அப்படியே அச்சடித்து விளக்கம் தந்திருந்தால் இன்னும் நல்லது. உதாரணங்கள் எதைப் பற்றி? ஆம்ஸ்ட்ராங் எண், ஃபிபனாச்சி, மறுபடி ஆம்ஸ்ட்ராங் எண் என்றால் வைத்துவிடுங்கள். 153 ஓர் ஆம்ஸ்ட்ராங் எண் என்று தெரிந்து இதுவரை யாருக்கும் ஒரு டீ கூடக் கிடைத்ததில்லை. சம்பளக் கணக்கு, ஸ்டாக் கணக்கு என்று இருந்தால் அந்தப் பெண் அதைத் தறிக்கூலிக் கணக்காக மாற்றிப் பார்ப்பாள். விடை சரியா என்று சரிபார்க்க அப்பாவின் நோட்டு பக்கத்திலேயே இருக்கிறது.

கோவை உக்கடத்தில் பழைய புத்தகம் வாங்குவதானால் ஒரு எச்சரிக்கை. பைத்தான் புத்தகத்தில் ‘பிரின்ட்’டுக்குப் பின்னால் அடைப்புக்குறி இல்லாவிட்டால் அது பைத்தான் 2 காலத்துச் சரக்கு. அதற்கான ஆதரவை 2020 ஜனவரியோடு நிறுத்திவிட்டார்கள். சி புத்தகத்தில் முதல் புரோகிராமிலேயே ‘கோனியோ’, ‘கிளியர் ஸ்க்ரீன்’ என்று வந்தால் அது 1987-ல் வந்த டர்போ சி வம்சம். இன்றைய கம்பைலர் பெரும்பாலும் ஏற்காது. எடைக்குக் கிடைத்தாலும் வேண்டாம்.

கடைசியாக, பிளஸ் டூ புத்தகம் அவள் அலமாரியிலேயே இருக்கும். ஐந்தாவது பாடத்தில் ஆரம்பித்து, ஓடுகிற புரோகிராம் ஒவ்வொன்றிலும் வேண்டுமென்றே ஒரு எழுத்தை அழித்துவிட்டு என்ன திட்டுகிறது என்று நோட்டில் எழுதி வரச் சொல்லுங்கள். ஒரு வாரம் இதைச் செய்துவிட்டு அப்புறம் கடைக்குப் போகட்டும். எதை வாங்குவது என்று அவளுக்கே தெரிந்துவிடும்.