ஏட்டின் மறுபக்கம்: ஐசன்ஹோவரின் சமாதான உரை பற்றிய ஓர் இறையியல் திறனாய்வு

படைக்கலங்களுக்காகும் செலவைக் கண்டித்து அருளுரை ஆற்ற முற்படுவோர் அடிக்கடி துணைக்கு அழைப்பது ஒரு படைத்தலைவரின் உரையையே. இரண்டாம் உலகப் போரில் மேற்கு ஐரோப்பாவில் நேச நாட்டுப் படைகளை நடத்தியவரும், பின்னர் ஐக்கிய அமெரிக்க நாடுகளின் குடியரசுத் தலைவரானவருமான ட்வைட் ஐசன்ஹோவர், 1953 ஏப்ரல் 16ஆம் நாள் வாஷிங்டனில் செய்தித்தாள் ஆசிரியர் சங்கத்தின் முன் ஆற்றிய உரை அது. ஸ்டாலின் மறைந்து ஆறே வாரங்கள் ஆகியிருந்தன. பகைமைக்கு ஒரு முடிவு காணலாமோ என்ற நம்பிக்கை இரு தரப்பிலும் மெல்ல அரும்பிய காலம்.

இவ்வுரையைப் போற்றுவோருள் நாமும் அடங்குவோம். ஆயினும் அடிக்கடி மேற்கோளாகும் உரையே கூர்ந்து ஆராயத்தக்கது. ஆயுதத்தின் விலையைக் கணக்கிட்டுக் காட்டுவது போரைக் கண்டிப்பதற்குப் போதுமா? நற்செய்தியின் ஒளியில் வைத்துப் பார்க்கும்போது அவர் போட்ட கணக்கு நிறைவானதா? இவ்விரு வினாக்களையே இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

1. உரையின் பெருமை

ஐசன்ஹோவர் தொகைகளைப் பொருள்களாக மாற்றிக் காட்டினார். ஒரு கனரகக் குண்டுவீச்சு விமானத்தின் விலையைக் கொண்டு முப்பதுக்கு மேற்பட்ட நகரங்களில் செங்கற் பள்ளிக்கூடங்கள் கட்டலாம். அல்லது அறுபதாயிரம் பேர் வாழும் நகருக்கு ஒன்றாக இரண்டு மின் நிலையங்கள் அமைக்கலாம். அல்லது எல்லா வசதிகளும் கொண்ட மருத்துவமனைகள் இரண்டை எழுப்பலாம். ஒரே ஒரு போர் விமானத்துக்கு ஐந்து லட்சம் புஷல் கோதுமை விலையாகிறது. ஒரு போர்க்கப்பலுக்கு எண்ணாயிரம் பேருக்கு மேல் குடியிருக்கத்தக்க வீடுகள் விலையாகின்றன. இவ்வாறு எண்ணிக் காட்டிவிட்டு, மனுக்குலம் ஓர் இரும்புச் சிலுவையில் தொங்குகிறது என்ற கருத்தோடு அப்பகுதியை அவர் முடித்தார்.

இந்த முறை தீர்க்கதரிசிகளுக்கு அயலானதன்று. ஏசாயாவும் மீகாவும் பட்டயத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அதே இரும்பை மண்வெட்டியாக அடிக்கும் நாளையே கண்டார்கள். ஆயுதமாகிப்போன இரும்பு ஏழையின் வயலிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். ஐசன்ஹோவரும் அதையே தம் காலத்தின் மொழியில் கூறினார்.

அவர் சுட்டிய விலைகள் இன்று சிறியனவாகத் தோன்றுகின்றன. பி-2 என்னும் குண்டுவீச்சு விமானங்கள் 21 மட்டுமே செய்யப்பட்டன. ஆராய்ச்சிச் செலவும் சேர்த்துக் கணக்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் 200 கோடி டாலருக்கு மேல் செலவாயிற்று. எஃப்-35 போர் விமானங்களை வாங்கவும் அவற்றின் ஆயுட்காலம் முழுவதும் பராமரிக்கவும் 1.7 லட்சம் கோடி டாலர் வேண்டியிருக்கும் என அந்நாட்டு அரசின் தணிக்கை அலுவலகமே 2023ஆம் ஆண்டில் மதிப்பிட்டது. ஆகவே உரையின் எச்சரிப்பு பொய்க்கவில்லை.

2. உரைக்குப் பின் நிகழ்ந்தவை

உரையாற்றியவரைக் குறித்து நாம் நேர்மையாகப் பேசவேண்டும். அதே ஆண்டு ஜூலையில் கொரியாவில் போர் நிறுத்தம் ஏற்பட்டது. 1961 ஜனவரியில் விடைபெறும்போது, படைத்துறையும் ஆயுதத் தொழிலும் கைகோத்து ஆட்சியின்மேல் செலுத்தும் செல்வாக்கைக் குறித்து அவர் நாட்டை எச்சரித்தார். அவர் போர்வெறியர் அல்லர்.

ஆனால் ஏப்ரலில் சமாதானம் பேசிய அரசு, ஆகஸ்டில் ஈரானில் என்ன செய்தது? எண்ணெய் வளத்தை நாட்டுடைமையாக்கிய பிரதமர் மொசாத்தேக்கின் அரசைக் கவிழ்ப்பதில் அமெரிக்க, பிரிட்டானிய உளவு நிறுவனங்கள் பங்குகொண்டன. தன் பங்கை உறுதிசெய்யும் பதிவுகள் 2013ஆம் ஆண்டில் அமெரிக்க உளவு நிறுவனத்தின் ஆவணங்களிலிருந்தே வெளிவந்தன. அடுத்த ஆண்டே கவுதமாலாவில் அர்பென்ஸின் அரசு அவ்விதமாய் வீழ்த்தப்பட்டது. 1953இல் ஆயிரத்தைச் சற்றே தாண்டியிருந்த அமெரிக்க அணு ஆயுதங்களின் எண்ணிக்கை 1960இல் பதினெட்டாயிரத்தைக் கடந்தது.

உரை ஒன்று, செயல் வேறு என்று கூறி இதனைக் கடந்துவிடலாம். நாம் அவ்வாறு எண்ணவில்லை. உரைக்கும் செயலுக்கும் இடையே ஓர் உள்ளிசைவு இருந்தது என்பதே நமது கருத்து. பெரும் படைகளை வெளிநாடுகளில் நிறுத்திவைப்பது செலவு மிக்கது. அணுகுண்டும் மறைமுகச் சதியும் அவற்றைவிட மலிவானவை. அவருடைய அரசு வகுத்த பாதுகாப்புக் கொள்கைக்கு இந்தச் சிக்கனமே ஓர் அடிப்படையாயிருந்தது. செலவைக் கண்டு மனம் வருந்தியவர் செலவைக் குறைக்கும் வழியைத் தேடினார், கண்டும்கொண்டார். அழிவு மட்டும் குறையவில்லை. விலையைப் பற்றிய முறையீடு மட்டும் தனித்து நின்றால், அது சமாதானத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதற்கு உறுதியில்லை. மலிவான ஆயுதத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

3. கணக்குப் பார்த்த அரசன்

போர்ச்செலவைப் பற்றிப் பேசுவோர் லூக்கா 14ஆம் அதிகாரத்து உவமையை நினைவுகூர்வது வழக்கம். இருபதினாயிரம் பேரோடு வருகிறவனைப் பதினாயிரம் பேரோடு எதிர்க்க இயலுமா என்று ஓர் அரசன் உட்கார்ந்து ஆலோசிக்கிறான். இயலாதெனில், மற்றவன் தொலைவில் இருக்கும்போதே தூதரை அனுப்பிச் சமாதானம் நாடுகிறான். எண்ணிப் பார்க்கிறவன் போரைத் தவிர்ப்பான் என்பதற்கு இதுவே சான்று என்கிறார்கள்.

இங்கே இரண்டு செய்திகள் கவனிக்கத்தக்கவை. முதலாவது, எண்ணிப் பார்த்துத் தயங்குகிறவன் படைபலம் குறைந்த அரசன். இருபதினாயிரம் பேரை உடையவனும் உட்கார்ந்து எண்ணியிருப்பான்; எண்ணியபின் புறப்பட்டும் இருப்பான். வலியவனுக்குக் கணக்கு ஒருபோதும் தடையாவதில்லை. இரண்டாவது, உவமை கணக்கோடு முடியவில்லை. தனக்கு உண்டான யாவற்றையும் வெறுத்துவிடாதவன் சீடனாயிருக்க முடியாது என்ற 33ஆம் வசனமே அதன் முடிவு. கணக்குப் பார்க்கச் சொன்ன ஆண்டவர், இறுதியில் கணக்குக்கு அப்பாற்பட்ட ஒன்றைக் கேட்கிறார்.

ஆப்கானிஸ்தான் இதற்கு அண்மைக்காலச் சான்று. 2001 அக்டோபரில் அங்கே போர் தொடங்கியபோது வலிமைக் கணக்கில் எவ்வித ஐயமும் இருக்கவில்லை. இருபது ஆண்டுகள் கழிந்து 2021 ஆகஸ்டில் தாலிபான் படையினர் மீண்டும் காபூலுக்குள் நுழைந்தனர். அப்போருக்கு அமெரிக்கா 2.3 லட்சம் கோடி டாலர் செலவிட்டது என்பது பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளரின் மதிப்பீடு. அத்தொகையைப் பள்ளிக்கூடங்களாகப் பெருக்கிக் காட்டுவது எளிது. ஆனால் அதே மாதம் 29ஆம் நாள் காபூலில் ஆளில்லா விமானம் வீசிய ஏவுகணையால் பொதுமக்கள் பத்துப் பேர் மாண்டனர். அவர்களில் எழுவர் குழந்தைகள். அது தவறு என்று அமெரிக்கப் படைத்துறையே பின்னர் ஒப்புக்கொண்டது. படையணி ஒன்றை அனுப்புவதோடு ஒப்பிட்டால் அத்தாக்குதலுக்கு ஆன செலவு மிகச் சொற்பம். விலை குறைந்ததால் குற்றமும் குறைந்ததா? ஐசன்ஹோவரின் கணக்கு இவ்வினாவுக்கு விடை தராது. அந்த எழுவரை எழுதுவதற்கு அதில் இடமில்லை.

4. மறுபக்கத்தை எழுதிய போதகர்

அந்த இடத்தை ஏட்டில் உண்டாக்கியவர் ஒரு பாப்திஸ்து போதகர். 1967 ஏப்ரல் 4ஆம் நாள் நியூயார்க்கின் ரிவர்சைடு ஆலயத்தில், வியட்நாம் போரைக் குறித்துக் கவலைகொண்ட போதகர்களும் சபையாரும் கூட்டிய கூட்டத்தில் மார்ட்டின் லூதர் கிங் பேசினார். அவரும் விலைக் கணக்கிலிருந்தே தொடங்கினார். வறுமை ஒழிப்புத் திட்டங்களுக்குரிய பணத்தையும் ஆற்றலையும் போர் விழுங்கிவிட்டது என்றார்; ஏழைகளின் பிள்ளைகளே மிகுதியாகக் களத்துக்கு அனுப்பப்படுகிறார்கள் என்றார். ஆனால் அங்கே நின்றுவிடவில்லை. வியட்நாமிய உழவர் அமெரிக்கரை எவ்வாறு காண்பார் என்று கேட்டார். அம்மக்கள் 1945இல் அறிவித்த விடுதலையையும், பிரெஞ்சு ஆதிக்கத்துக்கு அமெரிக்கா அளித்த பொருளுதவியையும், நஞ்சாக்கப்பட்ட நீரையும், அழிக்கப்பட்ட பயிரையும் அவர்கள் பக்கத்தில் நின்று எடுத்துரைத்தார். பகைவன் என்று அழைக்கப்பட்டவனும் கிறிஸ்து யாருக்காக மரித்தாரோ அந்தக் கூட்டத்தில் ஒருவன் என்பதே அவர் வாதத்தின் வேர்.

நாட்டின் பெரிய செய்தித்தாள்கள் அவரைக் கண்டித்தன. குடியுரிமைப் போராட்டத்தில் தோழராயிருந்தோர் பலரும் விலகிக்கொண்டனர். சரியாக ஓராண்டு கழித்து, அதே ஏப்ரல் 4இல், அவர் மெம்பிஸ் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இவ்விரு உரைகளையும் அடுத்தடுத்து வாசிக்கும்போது இரும்புச் சிலுவை என்ற உருவகத்தின் குறை புலனாகிறது. அதில் மனுக்குலம் முழுவதும் தொங்குகிறது. ஆணி அறைந்தவர் எவருமில்லை. நற்செய்தியில் உள்ள சிலுவையோ அத்தகையதன்று. அங்கே தீர்ப்பளித்த பிலாத்துவுக்குப் பெயர் உண்டு. ஆணி அறைந்த படைவீரர் உண்டு. தொங்கியவருக்கும் பெயர் உண்டு. வடிப்போரும் வடுப்படுவோரும் ஒரே சிலுவையில் தொங்குவதாகக் கூறுவது இரக்கமாகத் தோன்றலாம்; மனந்திரும்புதலுக்கு அது இடம் வைக்காது.

லாவோஸ் நாட்டு உழவர் இதனை நன்கு அறிவர். 1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் 5,80,000 தடவை பறந்து இருபது லட்சம் டன்னுக்கு மேற்பட்ட வெடிபொருள்களை அச்சிறு நாட்டின்மேல் கொட்டின. அவற்றுள் கொத்துக்குண்டுகளிலிருந்து சிதறிய சிறு குண்டுகள் மட்டும் 27 கோடி. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெடிக்காமல் மண்ணில் புதைந்தன. போர் முடிந்தபின் பிறந்தவர்களும் வயலைக் கொத்தும்போது அவை வெடித்து மாண்டிருக்கிறார்கள். 2016இல் அங்கே சென்ற குடியரசுத் தலைவர் ஒபாமா, குண்டுகளை அகற்றும் பணிக்கு மூன்று ஆண்டுகளில் ஒன்பது கோடி டாலர் தருவதாக அறிவித்தார். கொடுத்தவரின் ஏட்டில் அக்குண்டுகளின் செலவு என்றோ எழுதி முடிக்கப்பட்டது. பெற்றவரின் ஏட்டில் அது முடியவில்லை.

5. ஓர் எதிர்வாதம்

அயலான் அடிபட்டுக் கிடக்கையில் தலையிடாதிருப்பதும் பாவமன்றோ என்று கேட்கலாம். இது எளிதில் தள்ளத்தக்க கேள்வியன்று. 1994இல் ருவாண்டாவில் படுகொலை தொடங்கியபின் ஐக்கிய நாடுகளின் பாதுகாப்பு அவை அங்கிருந்த அமைதிப்படையை 270 பேராகக் குறைக்கத் தீர்மானித்தது. நூறு நாள்களுக்குள் ஏறக்குறைய எட்டு லட்சம் பேர் மாண்டனர். அதனை நினைப்போர் எல்லாத் தலையீட்டையும் ஒரே மூச்சில் கண்டிக்க இயலாது.

ஆயினும் நல்ல சமாரியன் தலையிட்ட விதத்தை நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டும். அவன் கிட்ட வந்தான். காயங்களைத் தன் கையால் கட்டினான். தன் வாகனத்தில் ஏற்றினான். சொந்தப் பணத்தில் இரண்டு பணம் கொடுத்து, மிகுதியாகச் செலவானால் திரும்பி வரும்போது தருவேன் என்றான். அவனும் செலவைக் கணக்கிட்டவனே. ஆனால் அவன் கணக்கு அடிபட்டவனுடைய தேவையிலிருந்து தொடங்கியது. அதைத் தீர்க்கும் பொறுப்பும் அவன் மேலேயே இருந்தது. பிற நாட்டில் படை இறக்குவோர் எவராயினும் இவ்வளவுகோலால் அளக்கப்படவேண்டும்: அழைத்தவர் யார்? அருகே வந்து கண்டவர் யார்? மிகுதிச் செலவை ஏற்கத் திரும்பி வருபவர் யார்? ஈரானும் லாவோஸும் ஆப்கானிஸ்தானும் இவ்வினாக்களின் முன் நிற்க மாட்டா.

6. அருளுரைப் பீடத்துக்கு

ஆதலால் உடன் ஊழியரும் மாணாக்கரும் ஐசன்ஹோவரின் உரையை விட்டுவிடவேண்டுமென நாம் கூறவில்லை. அதனை முன்பாதியாகக் கொள்ளவேண்டும் என்கிறோம். கட்டப்படாத பள்ளிக்கூடங்களைப் பற்றிப் பேசிய பின், இடிக்கப்பட்ட பள்ளிக்கூடங்களைப் பற்றியும் பேசவேண்டும். பொது மன்றாட்டில் உலக சமாதானத்துக்காக என்று ஒரு வரியில் வேண்டி முடிப்பதோடு நில்லாமல், அந்த வாரம் குண்டு விழுந்த ஊரின் பெயரைச் சொல்லி வேண்டவேண்டும். பெயர் சொல்லப்படாத மக்களை ஏட்டில் எழுதாமல் விடுவது அரசுகளுக்கு எளிது. சபையும் அவ்வாறு விட்டுவிட்டால், அவர்களுக்காக நினைவுகூர வேறு எவர் இருக்கிறார்?