பேசாக் குழந்தையும் பேசும் சிறுவனும்: கொலோன் தீர்ப்பும் ஜெர்மானிய விருத்தசேதனச் சட்டமும்

ஆண் குழந்தைகளின் விருத்தசேதனம் குறித்த அண்மைக்கால விவாதங்களில் அடிக்கடி மேற்கோளாகக் காட்டப்படுவது, ஜெர்மனியின் கொலோன் வட்டார நீதிமன்றம் 2012 மே 7 அன்று வழங்கிய தீர்ப்பாகும். அவ்வழக்கிற்குரிய குழந்தை பச்சிளங்குழந்தை அன்று. நான்கு வயதுச் சிறுவன். இஸ்லாமியப் பெற்றோரின் வேண்டுகோளின்படி 2010 நவம்பரில் மருத்துவர் ஒருவர் அவனுக்கு அறுவை செய்தார். இரு நாள்களில் குருதிக்கசிவு ஏற்பட்டுச் சிறுவன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டான். எனினும் மருத்துவரின் செய்முறையில் பிழை காணப்படவில்லை.

செய்முறை பிழையற்றதாக இருந்தமையாலேயே வழக்கு கொள்கை வழக்காயிற்று. மருத்துவத் தேவையற்ற நிலையில் பெற்றோரின் இசைவு மட்டும் போதுமா என்பதே எஞ்சிய வினா. போதாது என்றது நீதிமன்றம். உடலில் நிகழும் மாற்றம் மீளாதது. பின்னாளில் தன் சமயத்தைத் தானே தேர்ந்துகொள்ளும் குழந்தையின் நலனுக்கு அது முரணானது. சிறுவன் தானே முடிவெடுக்கும் வரை காத்திருப்பது பெற்றோரின் உரிமையைப் பெரிதும் குறைக்காது என்பன அதன் காரணங்கள். சட்டநிலை தெளிவற்றிருந்தமையால் மருத்துவரின் அறியாமை தவிர்க்கவியலாததெனக் கொண்டு அவரை விடுவித்தது.

‘காத்திருக்கலாம்’ என்னும் வாதமே தீர்ப்பின் வலுவற்ற பகுதி. இஸ்லாமிய மரபில் சுன்னத்துக்கு ஒரே வயது வரையறுக்கப்படவில்லை. யூத மரபிலோ எட்டாம் நாள் என்பது சடங்கின் உள்ளுறுப்பு. நான்கு வயதுச் சிறுவனை முன்வைத்து எழுந்த வாதம் எட்டு நாள் குழந்தைக்கும் பொருந்துமா என்பதைத் தீர்ப்பு தனித்து ஆராயவில்லை.

மருத்துவச் சான்றும் இவ்வேறுபாட்டை மறைத்தே எடுத்தாளப்படுகிறது. தென்னாப்பிரிக்கா, கென்யா, உகாண்டா ஆகிய நாடுகளின் ஆய்வுகள், பெண்ணிடமிருந்து ஆணுக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 50 முதல் 60 விழுக்காடு வரை குறைவதைக் காட்டின. அவற்றில் பங்கேற்றோர் தாமே இசைவளித்த ஆடவர். அப்பயனைப் பெற விரும்புவோர் வளர்ந்தபின்னும் பெறலாம் என்னும்போது, குழந்தைப்பருவ அறுவைக்கு அது தனிச் சான்றாகாது. நன்மை தீங்கினும் மிகுதி, எனினும் அனைவருக்கும் பரிந்துரைக்கப் போதாது என அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2012இல் கூறியது. நெதர்லாந்து மருத்துவர் சங்கமோ 2010இலேயே இதனை ஊக்குவிக்கலாகாது என்றது. இக்கருத்துவேற்றுமையில் சான்றினும் பண்பாட்டுப் பழக்கத்தின் பங்கே மிகுதி எனத் தோன்றுகிறது.

தீர்ப்பினால் எழுந்த கொந்தளிப்பை அடக்க ஜெர்மானிய நாடாளுமன்றம் விரைந்து செயற்பட்டது. 2012 டிசம்பர் 12இல் 434 வாக்குகள் ஆதரவாகவும் 100 எதிராகவும் பதிவாயின. 46 பேர் வாக்களிப்பில் நடுநிலை வகித்தனர். இவ்வாறு குடிமைச் சட்டத்தில் 1631டி பிரிவு இடம்பெற்றது. மருத்துவ விதிகளின்படி செய்யப்படுமாயின் பெற்றோர் இசைவளிக்கலாம். குழந்தையின் நலன் கெடுமாயின் ஆகாது. முதல் ஆறு மாதங்கள் வரை சமயக் குழுவால் நியமிக்கப்பட்ட, பயிற்சி பெற்ற ஒருவரும் அதனைச் செய்யலாம்.

சமயக் காரணம் இருத்தல் வேண்டும் எனப் பிரிவு கோரவில்லை. எக்காரணத்திற்கும் வழி திறந்துள்ளது. அதனினும் கருதத்தக்கது ஆறு மாத வரம்பு. சட்டம் வயதைக் கணக்கிட்டது கத்தியைப் பிடிப்பவர் யார் என்பதற்காக மட்டுமே. குழந்தையின் மறுப்பிற்காக அன்று. வளர்ச்சிக்கேற்ற மறுப்புரிமையைச் சிறுவனுக்கு ஏற்றல் வேண்டும் என ஜெர்மானிய அறநெறி மன்றம் 2012 ஆகஸ்டிலேயே பரிந்துரைத்திருந்தும், பிரிவின் வாசகத்தில் அது இடம்பெறவில்லை.

இவ்விடைவெளியை நிரப்ப நேர்ந்தது நீதிமன்றத்திற்கே. 2013 ஆகஸ்டில் ஹாம் நகர மேல்நிலை நீதிமன்றம், கென்ய வம்சாவளித் தாய் ஒருவர் தம் ஆறு வயது மகனுக்கு விரும்பிய விருத்தசேதனத்தை அனுமதிக்கவில்லை. தாய் மருத்துவரிடம் முறையான விளக்கம் பெற்றிருக்கவில்லை என்பதோடு, பெற்றோரும் மருத்துவரும் சிறுவனின் வயதுக்கேற்ப அவனிடம் பேசி அவன் விருப்பத்தைக் கருதவேண்டும் என்பதும் அம்முடிவின் காரணங்களுள் அடங்கும்.